பெட்டியில் "ஃபிப்ஸ்" என்று அடித்திருந்தால் போதாது

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் அரச கந்தோர்களுக்கு வைஃபை கருவி கொடுக்க விலைமனுப் போடுகிறவர்கள் இரண்டு அங்கீகாரங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் ரேடியோ பற்றியது: எந்த அலைவரிசை, எவ்வளவு வலு. அது இல்லாத மொடலை விலைமனுவில் சேர்க்கவே வேண்டாம். ஃபிப்ஸ் 140 வேறு. தகவலைக் குறியாக்கும் பகுதியைச் சோதிக்கும் அமெரிக்க அரசின் தரம் அது; அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டும் கனடா அரசும் சேர்ந்து சான்றிதழ் கொடுக்கின்றன. நம் நாட்டுச் சட்டமல்ல. ஆனாலும் கேள்விப்பத்திரத்தில் எழுதிவிட்டால் நிபந்தனை நிபந்தனைதான்.

"ஃபிப்ஸ் முறைப்படி ஏஇஎஸ் குறியாக்கம் பாவிக்கிறோம்" என்று விற்பனையாளர் தரும் கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. அல்கோரிதத்துக்கு, அதாவது குறியாக்கும் கணித முறைக்கு, மட்டும் ஒரு சான்றிதழ் உண்டு; கருவியில் குறியாக்கத்தைச் செய்யும் முழு மொடியூலுக்கு இன்னொன்று உண்டு. கேட்க வேண்டியது இரண்டாவதை. அதன் இலக்கத்தை நிஸ்டின் தளத்தில் தேடி, ஹார்ட்வெயார் பதிப்பும் ஃபெர்ம்வெயார் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பும் வருகிற பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபெர்ம்வெயார் 7.2க்குக் கொடுத்த சான்றிதழ் 7.3க்குச் செல்லாது. சான்றிதழ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்: தரத்தின் முந்தைய பதிப்பான 140-2இன் சான்றிதழ்கள் 2026 செப்டம்பர் 21க்குப் பிறகு பழைய பட்டியலுக்குப் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு 140-3தான் சரி.

சான்றிதழ் உள்ள கருவியும் ஃபிப்ஸ் விதிப்படி மட்டும் இயங்கவைக்கும் ஃபிப்ஸ் மோடைப் போடாவிட்டால் சாதாரணக் கருவிதான். பல கருவிகளில் அந்த மோடுக்கு மாறும்போது பழைய குறியாக்கச் சாவிகள் அழியும், அமைப்புகளும் போகும். ஆகவே கூரையில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்து மாற்றிவிடுங்கள். பாதுகாப்புக் குறைந்த பழைய முறைகளான டெல்நெட், சாதாரண எச்டிடிபி, எஸ்என்எம்பியின் முதல் இரண்டு பதிப்புகள், டபிள்யூஈபி, டிகேஐபி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இந்த முறைகளை மட்டுமே அறிந்த பழைய பிரின்டர்கள் விழுவது இங்கேதான். வலையமைப்பில் நுழைகிறவர் யார் என்று சரிபார்க்கும் ரேடியஸில் பெரும்பாலானவர்கள் தவறிவிடுகிறார்கள். அது உள்ளே எம்டி5 என்ற பலவீனமான பழைய முறையைப் பாவிப்பதால் அதை ஐபிசெக் அல்லது டிஎல்எஸ் என்ற குறியாக்கிய சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும்.

ஃபிப்ஸின் இரண்டாம் பாதுகாப்பு நிலைச் சான்றிதழ் என்றால் பெரும்பாலும் பெட்டியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் ஸ்டிக்கர்களும் வேண்டும். எத்தனை, எந்தப் பொருத்தின் மேல் என்று அந்தச் சான்றிதழின் பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தில் படத்தோடு இருக்கும். கல்லடி, பாசிக்குடா போன்ற கடலோரத்தில் உப்பும் ஈரமும் படிந்த உலோகத்தில் ஒட்டினால் ஓரம் தூக்கும்; தூக்கிய ஸ்டிக்கர் சோதனையில் "திறக்கப்பட்டது" என்றே எடுக்கப்படும். ஏசி அறையில் ஐசோப்ரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, ஒரு நாள் அசையாமல் விடுங்கள். ஸ்டிக்கர் இலக்கங்களைப் பதிவேட்டில் எழுதுங்கள், உபரிக்குச் சிலவற்றையும் வாங்கி வையுங்கள்.

உண்மையான சிக்கல் ஃபெர்ம்வெயார்தான். 2017இல் வைஃபையைப் பாதுகாக்கும் டபிள்யூபிஏ2 முறையில் கிராக் என்ற ஓட்டை வெளிவந்தது. அடைக்கும் ஃபெர்ம்வெயார் வந்தது, ஆனால் புதிய பதிப்பு சான்றிதழுக்கு வெளியே. காகிதத்துக்காக ஓட்டையோடு இருப்பதா? ஒரு வைத்தியசாலையின் நோயாளர் விபரம் போகும் வலையமைப்பில் நான் அடைக்கத்தான் சொல்வேன். ஏன் விலகினோம், எந்தத் திகதியில், மீள்சான்றிதழ் எப்போது என்று எழுதிப் பொறுப்பதிகாரியிடம் ஒப்பம் வாங்குங்கள். கேள்விப்பத்திரம் எழுதுகிறவர்கள் இந்தப் பொறுப்பை வழங்குநர் மேல் முதலிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மின்வெட்டையும் யோசியுங்கள். ஃபிப்ஸ் மோடில் கருவி எழும்பும்போது தன்னைத் தானே சோதிக்கும். சோதனை தவறினால் ரேடியோவைத் திறக்காது. பல அக்சஸ் பொயின்ட்டுகளில் (வைஃபை அலையைக் கொடுக்கும் கருவிகளில்) கடிகார பட்டரியும் இல்லை. பழைய திகதியோடு எழும்பி, அவற்றை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் டிஜிட்டல் சான்றிதழ் (ஃபிப்ஸ் சான்றிதழ் அல்ல) இன்னும் தொடங்கவில்லை என்று சேர மறுக்கும். என்டிபி நேரச் சேர்வர் ஒன்றைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, யூபிஎஸ்ஸில் போடுங்கள்.