ஷீட் அறைச் சுவரை எடுத்து கார் ஷெட்டைப் பெரிதாக்கினோம்

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கார் ஷெட்டின் அகலம் 8 அடி. எங்கள் பொலேரோ, பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமலே 5 அடி 9 அங்குலம் இருக்கும். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஓரடிக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். மூட்டு ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவைக் கொட்டும் மழையில் முற்றத்திலேயே இறக்க வேண்டி வந்தது. அன்றைக்கே, பக்கத்து அறையையும் ஷெட்டோடு சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அது அப்பா ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த அறை. இப்போது ஷீட் அடிக்காமல் ரப்பர் பாலாகவே கொடுத்துவிடுகிறோம். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர்) சாக்கும் ஷீட் அடிக்கிற மிஷினும் மட்டும் கிடந்தன. எடுக்க வேண்டிய சுவர்கள் இரண்டு. ஒன்று, அறையை இரண்டாகத் தடுத்த நாலரை அங்குலச் செங்கல் சுவர். இன்னொன்று, ஷெட்டுக்கும் அறைக்கும் நடுவில் நிற்கும் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர்.

முதலில் வந்து பார்த்தவர் இரண்டையும் இரண்டு நாளில் தட்டிவிடலாம் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். ராத்திரி சாப்பிட வந்த மாமாதான் தடுத்தார். அவர் முப்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். "மக்கா, வெட்டுக்கல் சுவரத் தொடப்பிடாது. அதுக்க மேல என்ன நிக்குன்னு பாத்தியா?" என்றார்.

மறுநாள் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து வந்தேன். சுவர் கூரைத் தளத்தைத் தொடும் இடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தார். செங்கல் சுவர் தளம் போட்ட பிறகு கட்டியது. மேலே வெறும் சாந்துதான் அடைத்திருந்தது. வெட்டுக்கல் சுவர்மேலோ தளம் நேராக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால் தளம் தாண்டும் தூரம் இரட்டிப்பாகும். தூரம் இரட்டித்தால் தளத்தை வளைக்கும் விசை நாலு மடங்கு ஆகும் என்று தாளில் போட்டுக் காட்டினார். உள்ளே இருக்கும் கம்பி அதற்குப் போட்டதில்லை. எனக்குக் கை நடுங்கியது. அந்தத் தளத்துக்கு மேலேதான் தண்ணீர் டாங்கும் இருக்கிறது.

சுவரின் இரண்டு முனையிலும் 2 அடி விட்டுவிட்டு, நடுவில் 12 அடியை மட்டும் எடுத்து இரும்பு பீம் கொடுப்பது என்று தீர்மானித்தார். 250 மில்லிமீட்டர் உயர ‘I’ வடிவ பீம், 13½ அடி நீளம். மீட்டருக்கு 37 கிலோ என்றால் மொத்தம் 150 கிலோவுக்கு மேல்.

ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மே முதல் வாரத்தில் தொடங்கினோம். செங்கல் சுவர் ஒரே நாளில் போனது. மெயினை அணைத்துவிட்டு சுவருக்குள் ஓடிய வயரை முதலில் எடுத்தோம். அப்புறம்தான் பெரிய வேலை. பீம் உட்காரும் இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டை வார்த்து ஒரு வாரம் நனைத்தோம். டாங்கைக் காலி செய்தோம். சுவரின் இரு பக்கமும் 2 அடி தள்ளி, பலகை வைத்து, வரிசையாக ஜாக்கி முட்டு (திருகி உயர்த்தும் இரும்புத் தாங்குகால்) கொடுத்து இறுக்கிய பிறகுதான் மேல் வரிசையில் கை வைத்தார்கள். சம்மட்டி வேண்டாம், அதிர்வு தளத்துக்குப் போகும் என்று மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். மண் சாந்து என்பதால் கடப்பாரையில் நெம்பவே வெட்டுக்கல் உடையாமல் முழுசாக வந்தது. அந்தக் கல்லில்தான் பின்பக்க மதிலை உயர்த்தினோம். வீடு முழுக்கச் செம்மண் நிறத்தில் தூசி. அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பீமை எட்டுப் பேர் சேர்ந்து ஏற்றினார்கள். பீமுக்கும் தளத்துக்கும் நடுவில் இருந்த விரலளவு இடைவெளியில் இரும்புத் தகடு அடித்து, சுருங்காத சாந்தை அடைத்தார்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. இடைவெளி இருந்தால் முட்டுகளை எடுத்ததும் தளம் அந்த அளவுக்குக் கீழே இறங்கித்தான் பீமில் உட்காரும். விரிசல் அப்போதுதான் வரும்.

ஒரு வாரம் கழித்து ஜாக்கிகளை ஒரே நேரத்தில் அல்ல, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினார்கள். தளத்தில் முன்பே இருந்த மயிரிழை விரிசல்களின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். டாங்கை நிரப்பிய பிறகும், ஜூன் மழை முழுக்கவும் பார்த்தேன். கோட்டைத் தாண்டவில்லை.

இப்போது பொலேரோ ஷெட்டுக்குள் நிற்கிறது. அம்மா கதவை முழுக்கத் திறந்து, வாக்கரை முன்னால் வைத்து, நனையாமல் இறங்குகிறாள். மிஷினை மட்டும் விற்கவில்லை. அப்பா வைத்த அதே மூலையில் இருக்கிறது.