இருபதாம் தேதியும் வந்து போகும்

ஜூன் 27, 2024, வியாழன்

ரத்தத்தில் பிலிருபின் 9.4, மஞ்சள் காமாலை. அலமாரிக் கண்ணாடி மேல் அம்மா ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். கண் மஞ்சளாக இருப்பது எனக்குத் தெரியாதாக்கும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஹெபடைடிஸ் ஏ. இதுக்குன்னு மருந்து கிடையாதும்மா, தானா வந்தது தானா போகும், ஓய்வுதான்" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். கேட்ட தோரணையில் ஏதோ இருந்திருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு "எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்றார். 20-ம் தேதி கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அவருக்கு என்ன புரியும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 28

சோறு இறங்கவில்லை. யார் வீட்டிலோ கடுகு தாளித்தால் கூட எனக்கு இங்கே புரட்டுகிறது.

ஜூன் 30, ஞாயிறு

என் வீட்டுக்காரர் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டுச் சாவி, அம்மா கட்டிக் கொடுத்த அப்பளம், அதோடு என் ஆபீஸ் சிம்.

சிம்மைக் கழற்ற ஊசி கிடைக்கவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அதன் கம்பியால் குத்தினேன். ஒரு தடவை வழுக்கியது, அப்புறம் ட்ரே வெளியே வந்தது. நகத்தில் பாதி கூட இல்லாத அந்தத் துண்டை ஒரு பேப்பரில் மடித்து, மேலே 'ஆபீஸ்' என்று எழுதி அவர் பர்ஸில் வைத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி அது, தாலியைக் கழத்துன மாதிரி மூஞ்சியை வச்சிருக்கே?" என்றாள். கட்டின ஆள் பக்கத்தில் நிற்கும்போது சொல்கிற பேச்சா இது. அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

சிம் விஷயம் இந்த வீட்டில் யாருக்கும் புரியப் போவதில்லை. சின்னக் கடைக்காரர்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போது செல் நம்பர் கேட்கிற இடத்தில் என் நம்பரையே போடச் சொல்லிவிடுவார்கள். "எல்லாம் நீங்கதானே பாக்கப் போறீங்க மேடம்." 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இதே கதைதான். ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, பேப்பர் கப் போடுகிறவர் எல்லாருடைய ஓடிபியும் என் தலைமாட்டில் வந்து விழும். ரிட்டர்னில், அதாவது அரசுக்குப் போடுகிற வரிக் கணக்கில், கையெழுத்துக்குப் பதில் அந்த ஆறு எண்கள்தான், நான் குளிக்கப் போனால் அங்கே வேலை நிற்கும். சித்தி மகள் கல்யாணப் பந்தியில் இலையில் ரசம் ஓட ஓட இடது கையில் போனைப் பிடித்து ஓடிபி சொல்லியிருக்கிறேன். பரிமாறின பையன் நான் அவனிடம்தான் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டுப் போனான்.

இனி அதெல்லாம் ஆபீஸ் தம்பி பாடு.

ஜூலை 2

போன் அடிக்கவில்லை. தலையணைக்கு அடியில் அதிர்கிறது என்று எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்பவும் அதிர்கிறது.

ஜூலை 4, வியாழன்

கீழாநெல்லிச் சண்டை. வெறும் வயிற்றில் மோரில் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா. ஈரல் நோயாளி கண்டதையும் குடிக்கக் கூடாது, தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அம்மாவுக்கு வசதியாக மறந்துவிட்டது. "உங்க தாத்தாவுக்கு இதைத்தான் குடுத்தாவ." தாத்தாவுக்கு வந்தது எந்தக் காமாலை என்று யார் கண்டது? கடைசியில் மோர் மட்டும் குடித்தேன். டம்ளரைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

பேச்சில்லாத வீடு நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானம் தூங்கி எழுந்தால் மணி நாலரை. எழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, எதையோ விட்டுவிட்ட மாதிரி. எதை? விட்டுப்போக ஒன்றுமே இல்லை என்று புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று, அந்த இரண்டு நிமிஷம் பொல்லாதது.

ஜூலை 7

7-ம் தேதி. டிடிஎஸ், அதான் பிடித்து வைத்த வரி, கட்டியிருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை வேறு.

ஜூலை 11, வியாழன்

இன்று ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு, போடக் கடைசி நாள். காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை காதலனைக் கூப்பிடுகிற லட்சணத்தில்.

"எல்லாம் முடிஞ்சதுக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். எத்தனை மணிக்கு முடித்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தான். நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அம்பத்தூரிலிருந்து கடைசி ரயிலைப் பிடித்துப் போயிருக்கிறான்.

இதைத்தான் மத்தியானம் முழுக்க மென்றுகொண்டிருக்கிறேன். நான் படுத்திருப்பதில் பாவம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே எவ்வளவு சொல்லிக்கொண்டாலும், நான் இறக்கி வைத்த சுமை காற்றில் கரைந்துவிடவில்லை, ஒரு இருபத்து மூன்று வயசுப் பையன் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வெடுங்கள், ஓய்வெடுங்கள் என்கிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. அப்படியானால் நான் எழுந்து போய் உட்கார வேண்டுமா? அதுவும் இல்லை. நான் இருந்திருந்தால் நான் பதினொன்றே முக்கால் வரை உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை ஏன் பதினொன்றே முக்கால் வரை இழுக்கிறது என்றால், பில்லைக் கடைசி நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் இத்தனை வருஷமாகச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்திருக்கிறேன்.

மறுபடி கூப்பிட்டேன். 15-ம் தேதிக்குள் பில் தராதவர்களுக்கு 20-ம் தேதி 3பி, அந்த வரி கட்டுகிற ரிட்டர்ன், போட வேண்டாம், தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய், அவர்களே கட்டிக்கொள்ளட்டும், வரி பாக்கி இருந்தால் 18 சதவீத வட்டியும் உண்டு என்று மறக்காமல் சொல்லிவிடு என்றேன். வியாபாரமே இல்லாத நில் பார்ட்டிகளுக்கு எஸ்எம்எஸ்சிலேயே ரிட்டர்ன் போடலாம், அதைச் செய். ஏழு மணிக்கு ஆபீஸைப் பூட்டு.

"கிளையன்ட் போயிடுவாங்கக்கா."

போகட்டும் என்றேன். சொல்லும்போது வயிற்றைக் கலக்கியது. அது ஈரலா பயமா தெரியவில்லை.

அம்மா போனைக் கையில் எடுத்து, "போன் ஏன் சுடுது?" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

பக்கத்து வீட்டு மதினி அப்பளம் போடுகிறாள். திண்ணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம். பிசைந்த மாவை எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிக்க வேண்டும், இழுத்தால் அறுந்துவிடாமல் நீள வேண்டும், அதுதான் பதம். பிறகு கயிறாகத் திரித்து, நூலால் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் வட்டமாக இட்டு நிழலில் காயப் போடுகிறாள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி என்பார்கள். மதினி அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு மணிக்கு அப்படியே எழுந்து கையைக் கழுவிவிட்டு, "செத்த கட்டையைச் சாய்க்கேன்" என்று வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். மாவு ஈரத் துணிக்கு அடியில் காத்துக் கிடந்தது. படுத்த மறு நிமிஷம் குறட்டை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுப்பதற்கு முன்னால் யாரிடமும் காரணம் சொல்லவில்லை, எழுந்த பிறகு "அசந்துட்டேன்" என்று வருத்தமும் படவில்லை. நான் என்றால் இரண்டும் செய்திருப்பேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. சாரல். கொஞ்சம் பசிக்கிறது.

ஜூலை 20, சனி

இட்லி மூன்று. பரவாயில்லை, ஒரு அப்பளமும், சுட்டது.

இன்று என்ன தேதி என்று சாயங்காலம்தான் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பொய். காலை ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது.

ஆனால் கூப்பிடவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட். டிவியைப் போடாதே என்று நானேதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன், பதினொரு மணிக்கு நானேதான் போட்டேன். வருமான வரிப் புதிய முறையில், சம்பளக்காரர்களுக்குக் கணக்கில்லாமல் கழித்துக் கொடுக்கிற நிலைக் கழிவு 50,000-லிருந்து 75,000. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது வெகு நாள் வைத்திருந்த சொத்தை விற்ற லாபத்துக்கு, 12.5 சதவீதம், வீடு நிலம் விற்றால் இதுவரை பணவீக்கத்துக்கு ஏற்ப விலையைக் கூட்டிக் கணக்குப் போடுவோமே, அது இனிக் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். கை துறுதுறுவென்று வந்துவிட்டது. அண்ணா நகர் மாமி பழைய வீட்டை விற்கப் போகிறேன் என்றார்களே, அவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். வேலை பிடிக்காமல் நான் இங்கே வந்து படுக்கவில்லை.

அம்மா சேனலை மாற்றினாள். அதில் நெல்லையில் தாமிரபரணிக் கரையில் அஞ்சலி. 1999-ல் இதே நாளில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கி 17 பேர் செத்துப்போனார்கள். கூலி கேட்டுத்தான் போனார்கள். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தோட்டத்தையே மூடுகிறார்கள். 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிகிறதாம், அதற்குள் போன மாதமே விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மலையில் நாலு தலைமுறையாக இருந்தவர்கள் இப்போது கீழே வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். நம் தெருவுக்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் விரலெல்லாம் தேயிலைக் கறை. "இவ்வளவு வெயிலா இருக்கே இங்க" என்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். நான் கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு என்ன, எனக்கு என்ன. இதை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் இன்று முழுக்க அந்த விரல்தான் கண்ணில் நிற்கிறது.

மாமிக்குப் போட்ட கணக்கைக் கிழித்துப் போடவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 27, சனி

1.4.

டாக்டருக்குச் சந்தோஷம். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போடப் போய்விட்டாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பரிட்சையில் பாஸானவள் அழுகிற கதை.

யோசித்துப் பார்த்தால், இத்தனை நாளும் நான் நிம்மதியாகப் படுத்திருந்தது அந்த 9.4-ஐ நம்பித்தான். யார் கேட்டாலும் காட்ட ஒரு தாள் இருந்தது, லேப் முத்திரையோடு. ஆடிட்டில் வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொள்ள மாட்டோம் இல்லையா, இப்போது நான் படுத்தால் வவுச்சர் இல்லாத படுக்கை. எனக்கு நானே ஆட்சேபம் எழுதிவிடுவேன்.

ஜூலை 29, திங்கள்

பெரியம்மா வந்தாள். "இன்னும் கெடக்கியாட்டி? அதான் சரியாயிட்டுல்லா?"

பார், சொன்னேனே.

மதினி மகளுக்கு இன்று லீவு. நெல்லையில் நகைக்கடையில் நிற்கிறாள், நிற்கிறாள் என்றால் நிற்கிறாள், காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்றே என்றேன். "ஸ்டூல் போட்டிருக்காவக்கா. உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பாப்பாரு பாருங்க." வெரிகோஸ் நரம்பைக் காட்டினாள். இருபத்தாறு வயசு. என் கட்டிலிலேயே கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவளுக்கு ஒரு சூப்பர்வைசர், எனக்கும் ஒரு ஆள் இருக்கிறது, நான் எங்கே போனாலும் கூடவே வருகிறது, திங்கட்கிழமை கூட லீவு எடுக்காது.

ஜூலை 31

வருமான வரிக்குக் கடைசி நாள். பிந்தினால் 5,000. எனக்கில்லை, நான் ஜூனிலேயே போட்டாயிற்று.

ஆகஸ்ட் 1

தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறான். 20-ம் தேதிக் கெடுபிடியில் இரண்டு பேர் கணக்கை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்கள். மற்ற எல்லாரும் இந்த மாதப் பில்லை இப்போதே கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்களாம். அதில் ஜவுளிக்கடைக்காரரும் உண்டு என்பதை நம்பவே முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. அம்மாவும் மதினியும் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். காலையில் பழையது, மத்தியானம் அதே பழையது, இடையில் ஒன்றுமில்லை. ஒரு தடவை படபடப்பு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று கிடந்தேன், போய்விட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவர் போன் பண்ணினார். நெல்லை எக்ஸ்பிரஸில் 18-ம் தேதிக்கு டிக்கெட் பார்க்கட்டுமா, 20-க்கு முன்னால் வந்துவிடலாம் என்றார். 25-க்குப் போடச் சொன்னேன். திரும்ப ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்றார். நன்றாக இருக்கிறாள், இப்போது கூட யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"அப்புறம் எதுக்கு 25?"

சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை, அப்புறம் "லோயர் பெர்த்தா?" என்றார்.