தத்தெடுத்த பெர்ல் மாட்யூல்: இதுவரை நடந்தது

பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதுபவர்கள் தங்கள் மாட்யூல்களை, அதாவது மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டுகளை, ஏற்றி வைக்கும் பொதுக் களஞ்சியமான சீபான் 1995-லிருந்து ஓடுகிறது. மாட்யூலை ஏற்றியவர் வேறு வேலை, வேறு மொழி என்று போய்விட்டாலும் அவர் ஏற்றியது அங்கேயே இருக்கும். கவனிக்க ஆளில்லாதவற்றை ‘அடாப்ட்மீ’ என்ற ஒப்புக்கு வைத்த கணக்கின் பெயரில் மாற்றி வைப்பார்கள். அப்படிக் கிடந்த ஒன்றை, லாக் கோப்புகளை (சர்வர்கள் எழுதி வைக்கும் பதிவுகளை) பிரித்துப் படிக்கும் சின்ன மாட்யூலை, கேட்டு வாங்கிக்கொண்டேன். நிர்வாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போதுமானதாக இருந்தது.

முதலில் நிறுவிப் பார்த்தேன். சீபானிலிருந்து இறக்கி நிறுவும் கருவியான சீபான்எம் வழியாகப் போட்டால் சமர்த்தாக ஏறுகிறது. அதே பொதியைப் பிரித்து நிறுவலைத் தொடங்கி வைக்கும் மேக்ஃபைல் நிரலைக் கையால் ஓட்டினால் முதல் வரியிலேயே விழுகிறது. காரணம் 2017-ல் வந்த பெர்ல் 5.26. அதுவரை மாட்யூல்களைத் தேடும் பாதையில் நாம் நிற்கும் டைரக்டரியும் இருந்தது. யாராவது அங்கே ஒரு கோப்பைப் போட்டு வைத்தால் அதுவும் ஓடிவிடும் என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். இந்த மாட்யூல் நிறுவலுக்கு நம்பியிருந்த பழைய ‘மாட்யூல் இன்ஸ்டால்’ முறையோ தன் துணைக் கோப்புகளை அந்தப் பாதையில்தான் தேடும். சீபான்எம் மாதிரியான கருவிகள் ஒரு சூழல் மாறியை வைத்துப் பழைய நடத்தையைத் திருப்பிக் கொடுப்பதால் பலருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படுவதே இல்லை. அந்த முறையையே தூக்கிவிட்டு, பெர்லோடு கூடவே வரும் நிறுவல் கருவியான மேக்மேக்கருக்கு மாற்றினேன். கோப்பு பாதியாகச் சுருங்கியது.

அப்புறம் டெஸ்டுகள். ஒரு தடவை பாஸ், மறுதடவை ஃபெயில். இந்த மாதிரி ஆட்டம் காட்டினால் பெர்லில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹேஷைத்தான், அதாவது சாவி-மதிப்பு ஜோடிகளாகத் தரவை வைக்கும் அமைப்பை. 5.18-லிருந்து (2013) ஹேஷின் சாவிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வரிசையில் வரலாம். இந்த டெஸ்ட், தரவை எழுத்தாக்கிக் காட்டும் டேட்டா டம்பர் கொடுத்த எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வரிசையைத் தீர்மானிக்கும் ஹேஷ் விதையை ஒரே எண்ணில் நிறுத்தி ஓட்டியதும் ஆட்டம் நின்றது, சந்தேகம் உறுதியானது. எழுத்துத் தொடரை விட்டுவிட்டு தரவின் அமைப்பையே ஒப்பிடும்படி மாற்றினேன்.

நிரலைத் திறந்ததும் கை துறுதுறுத்தது உண்மை. தலையில் ‘யூஸ் வி5.36’ என்று ஒரு வரி போட்டால் ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான விதிகள்), வார்னிங்ஸ் (எச்சரிக்கைகள்), சிக்னேச்சர் (ஃபங்ஷன் தலைப்பிலேயே அளபுருக்களை எழுதும் வசதி) எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் ரெட்ஹாட் லினக்ஸ் 8-ல் கூடவே வரும் பெர்ல் 5.26. இந்த மாட்யூல் ஓடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பழைய சர்வர்களில்தான். எனக்கு நாலு வரி மிச்சமாகும் என்பதற்காக அவர்களை வெளியே நிறுத்த முடியாது. அதனால் குறைந்தபட்சம் 5.10 என்று வைத்துக்கொண்டு, கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ கட்டளைகளில் இரண்டு அளபுருவோடு எழுதியவற்றை மூன்றாக்கி, வெறும் பெயரில் இருந்த கோப்புக் கைப்பிடிகளை லெக்ஸிகல் மாறிகளாக்கினேன் (அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும் மாறிகள்). வெளியிலிருந்து கூப்பிடும் பெயர்கள் ஒன்றையும் தொடவில்லை. நடுவில் இருக்கும் ஒரு மெதடின் பெயர் சகிக்கவில்லைதான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி வெளியீடு 0.9. அடுத்தது 0.10 என்று வைத்தால் பெர்ல் அதைத் தசம எண்ணாகப் பார்த்து 0.9-ஐவிடச் சின்னது என்று முடிவு கட்டும், சீபானின் இன்டெக்ஸில் ஏறாது. ஆகவே 0.91. அதற்கும் முன்னால் அடிக்கோடு போட்ட சோதனை வெளியீடு, 0.91_01. இது சாதாரணப் பயனர்களுக்கு இறங்காது, ஆனால் சீபான் டெஸ்டர்ஸ் என்ற சோதனைக் குழுவினர் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். தன்னார்வலர்கள் தங்கள் சொந்த மெஷின்களில் விதவிதமான பெர்ல் பதிப்புகளையும் இயங்குதளங்களையும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள். நான் பார்த்தவரை வேறு மொழிச் சமூகங்களில் இப்படி ஒரு வசதி அரிது.

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி அறிக்கைகள் பச்சை (எல்லாம் பாஸ்). விண்டோஸ் சிவப்பு: தற்காலிகக் கோப்பை மூடாமலே அழிக்கப் பார்க்கிறது, விண்டோஸ் விடமாட்டேன் என்கிறது. அழிப்பதற்கு முன் ஒரு குளோஸ் சேர்த்து 0.91_02 ஏற்றியிருக்கிறேன். அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. விண்டோஸும் பச்சையானால் அடிக்கோட்டை எடுத்துவிட்டு, தேங்கிக் கிடக்கும் பழைய பிழைப் புகார்களுக்கு வருவேன்.