எங்க மருந்தகத்து அண்ணாச்சி

காலேஜ் முடிச்சு எனக்கு முதல் போஸ்டிங் ராஜபாளையம் பக்கத்துல ஒரு கால்நடை மருந்தகம். ரெண்டு ரூம், வாசல்ல ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்தி ஊசி போட ஒரு இரும்புக் கம்பிக் கூண்டு, அப்புறம் அண்ணாச்சி. பேப்பர்ல பதவி கால்நடை பராமரிப்பு உதவியாளர். ஆனா ஊர்க்காரங்க யாரும் டாக்டரைத் தேடி வர்றதில்ல, கேட்டுல நின்னு "அண்ணாச்சி இருக்காரா"ன்னுதான் கேப்பாங்க, அவர் லீவுன்னு சொன்னா மாட்டை அப்படியே திருப்பி ஓட்டிட்டுப் போயிருவாங்க. அஞ்சு வருஷம் விழுந்து விழுந்து படிச்சிட்டு வந்த பொண்ணுக்கு எவ்ளோ கடுப்பா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்தக் கடுப்பு ஒரே நாள்ல போச்சு. ஒருத்தர் டிவிஎஸ் ஃபிப்டியில சாக்குல சுத்தி ஒரு நாயைக் கொண்டு வந்தார், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சும்மா, ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல, வாயை மூட மாட்டேங்குதுன்னார். பாத்தா அப்படித்தான் இருந்துச்சு, கீழ்த்தாடை தொங்குது, எச்சில் நூலா ஒழுகுது, நாய் பாவம் போல உக்காந்திருக்கு, கடிக்கவும் வரல குரைக்கவும் இல்ல. நான் க்ளவுஸைக்கூட முழுசா மாட்டாம டார்ச்சைப் பிடிச்சு கையை உள்ள விடப் போனேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடிச்சு பின்னாடி இழுத்தார். அதுவரைக்கும் என்னைத் தொட்டுப் பேசுனதே கிடையாது மனுஷன். "டாக்டரம்மா, இது எலும்பு இல்ல"ன்னு மெதுவா சொன்னார், அந்த ஆளுக்குக் கேக்காத மாதிரி.

வெறிநாய்னா துரத்தித் துரத்திக் கடிக்கும்னுதான் எல்லாரும் நினைச்சிருக்கோம். இன்னொரு வகை இருக்கு, தாடையும் தொண்டையும் வாதம் வந்து விழுந்துரும், நாய் அமைதியா மூலையில கிடக்கும், ஏதோ மாட்டிக்கிச்சுன்னு நம்பி வீட்டு ஆளே வாய்க்குள்ள கையை விட்டுப் பாப்பாங்க. இது பாடத்துல இருக்கு, பரீட்சையில நானே எழுதியிருக்கேன், ஆனா கண்ணு முன்னாடி நிக்கும்போது ஞாபகம் வரல. அந்த ஆளை குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய் சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கையைக் கழுவ வச்சு, வீட்ல வேற யார் யார் தொட்டீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஊசிக்கு அனுப்புனது எல்லாம் அண்ணாச்சிதான். நாய் மூணாம் நாள் செத்துப்போச்சு. அன்னிக்கு அவர் என்னைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை சொல்லல, மேலதிகாரி வந்தப்பகூட டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சாங்கன்னுட்டார். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

பார்வோன்னு ரத்தபேதி வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி வந்தா கேட்டுலயே வாடையை வச்சுச் சொல்லிருவார், உள்ள விட மாட்டார், வேப்பமரத்தடியிலதான் ட்ரிப்பு ஏறும். நான் ஃபினாயில் ஊத்திக் கழுவுங்கன்னேன். ஃபினாயிலுக்கு இது சாகாதும்மா, ப்ளீச்சிங் பவுடர் வேணும்னார். அதுவும் சரிதான்.

எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்னு கேட்டா மேற்க கையைக் காட்டுவார். மேற்குத் தொடர்ச்சி மலை எங்க மருந்தகத்து ஜன்னல்ல அப்படியே நிக்கும். அவர் சின்ன வயசுல கன்னி, சிப்பிப்பாறைன்னு நாய்களைக் கூட்டிட்டு முயல் வேட்டைக்குப் போனவர். 72ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாலும் எங்க ஊர்ப்பக்கம் ரொம்ப வருஷம் அதை யாரும் கண்டுக்கல, அதை அவரே ஒத்துக்குவார். எப்ப நிறுத்துனீங்கன்னா ஒழுங்கா பதில் வராது. ஆனா காட்டை விடல. ஞாயித்துக்கிழமை ஆனா அய்யனார் கோயில் ஆத்துப்பக்கம், இல்லாட்டி செண்பகத்தோப்பு. 88ல சரணாலயம் ஆக்குனாங்களே அந்தச் சாம்பல் நிற அணில், அது மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கிட்டு நிக்கிற இடமாப் பாத்துத்தான் கூடு கட்டும், ஆபத்துன்னா தரையில இறங்காமலே தாவிப் போயிரலாம்ல. அதை எனக்குக் காட்டுனது அவர்தான், பைனாகுலர் எல்லாம் இல்ல, வெறும் விரலை நீட்டி.

ஒரு தடவை ஃபாரஸ்ட்காரங்க கூப்பிட்டாங்கன்னு ஒரு புள்ளிமானுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போனோம். சிறுத்தையா இருக்குமோன்னு அங்க ஒரே பேச்சு. அண்ணாச்சி தொடையைப் புரட்டிப் பாத்தார், பின்னங்கால், வயித்துப்பக்கம்னு கண்ட இடத்துலயும் கடி, கழுத்துல ஒண்ணுமே இல்ல. "நாய்ம்மா, நம்மூர் நாய்தான்"னார். திரும்பி வர்ற வழியில ஜீப்புல ரொம்ப நேரம் பேசல. அப்புறம் தானாவே, "நாயைக் குத்தம் சொல்ல முடியாது, ராத்திரி சோறு வைக்காம அவுத்து விடுறவனைத்தான் சொல்லணும்"னார். நாய் கூட்டிட்டு வர்ற எல்லார்கிட்டயும் அவர் கேக்குற முதல் கேள்வியே "இதுக்கு யாரு சோறு வைக்கிறது"தான். ஜாதி நாயா, எத்தனை ஆயிரம்னு எல்லாம் கேக்கவே மாட்டார். ஓபி ரெஜிஸ்டர்ல உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கும், தெருநாய்க்கு அதுல என்ன எழுதன்னு நான் முழிச்சப்ப அவர் பேரையே எழுதச் சொன்னார். அந்தக் கணக்குப்படி பாத்தா ஊர்ல பாதி நாய் அவரோடதுதான்.

ஜாதி நாய்னதும் ஞாபகம் வருது. 2005ல தபால் துறை நாலு இந்திய நாய்க்கு ஸ்டாம்ப் போட்டுச்சு, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. ஊருக்கே பெருமைதான், ஆனா அந்தத் தூய வெள்ளை வேணும்னு ஆளுங்க அலையுறதுல ஒரு சிக்கல் இருக்கு, நிறமி செல் உள்காதுக்குள்ள இல்லாமப் போனா குட்டி செவிடா பொறக்கும். கூடப் பொறந்ததுங்க திரும்புனா இதுவும் சேந்து திரும்பும், அதனால வாங்குறவனுக்குத் தெரியாது. அண்ணாச்சி குட்டியைத் தனியா எடுத்து வச்சு, முதுகுப்பக்கம் நின்னு எவர்சில்வர் மூடியைக் கீழ போடுவார். அப்படி ஒரு நாள் போட்டார், குட்டி அசையல. வாங்குனவருக்குக் கோவம், காசு போச்சுன்னு புலம்பிட்டு ஊசி போட்டு முடிச்சிருங்கம்மான்னார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள அண்ணாச்சி குட்டியை மடியில வச்சாச்சு.

பேரு மணி. செவிட்டு நாய்க்கு யாராச்சும் மணின்னு பேரு வைப்பாங்களா, கேட்டா "கூப்பிட்டா கேக்கவா போகுது, எந்தப் பேரா இருந்தா என்ன"ன்னு சிரிப்பார். கூப்பிடணும்னா தரையில காலை ரெண்டு தடவை ஓங்கி மிதிப்பார், அந்த அதிர்வு எட்டுனா மணி எங்க கிடந்தாலும் தலையைத் தூக்கும். ராத்திரின்னா டார்ச்சை அணைச்சு அணைச்சுப் போடுவார். ரிட்டையர் ஆன பிறகு ரெண்டு பேரும் வாய்க்கால் கரையில நடந்து போறதை நான் ஸ்கூட்டர்ல போறப்ப பாப்பேன், ஒருத்தர் மிதிப்பார், ஒருத்தர் திரும்பும்.

போன வருஷம் மழைக்காலத்துல தகவல் வந்துச்சு, தூக்கத்துலயே போயிட்டார்னு. நான் இப்ப வேற தாலுகா, பஸ் பிடிச்சுப் போய்ச் சேர மதியம் ஆயிருச்சு. தூக்குறதுக்கு ஆள் ரெடி, மணி கட்டிலுக்கு அடியில கிடக்கு, கிட்டப் போனா உறுமுது. மணி மணின்னு ஆளாளுக்கு கத்துறாங்க, ஒரு பையன் கம்பு எடுத்துட்டு வந்துட்டான். நான் கம்பை வாங்கி ஓரமா வச்சிட்டு செருப்பைக் கழட்டிட்டு சிமெண்ட் தரையில ரெண்டு தடவை ஓங்கி மிதிச்சேன்.

சட்டுனு தலையைத் தூக்குச்சு. எழுந்து வந்து என் காலை மோந்து பாத்துச்சு, ரொம்ப நேரம். அப்புறம் திரும்பக் கட்டிலுக்கு அடியிலயே போய்ப் படுத்துக்கிச்சு.