பத்திரத்தில் இல்லாதவர்கள்

பணி ஓய்வு பெற்றதிலிருந்து, "உங்க கதையை எழுதி வையுங்கம்மா" என்று என் மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுத என்ன இருக்கிறது என்று நானும் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்து, ஈரோட்டில் படித்து, அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருத்தியின் வாழ்க்கையில், பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை என்றே உண்மையாக நம்பினேன்.

என்னை எழுத வைத்தது ஒரு டிரங்குப் பெட்டி. அண்ணன் பழைய வீட்டை இடித்துக் கட்ட முனைந்தபோது, எங்கள் அப்பாருவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், காகிதங்கள் அடங்கிய அந்தப் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. கிரயப் பத்திரங்கள், வரி ரசீதுகள், எங்கள் வீட்டுத் திருமணங்களின் மொய் நோட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. ஆனால் பழைய பத்திரங்களில் அது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருக்கிறது, 1979-க்குப் பிந்திய காகிதங்களில் பெரியார் மாவட்டத்தில் இருக்கிறது, இப்போதைய ரசீதுகளில் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. இந்த வேடிக்கையை ரசித்துக்கொண்டே பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பழைய பத்திர எழுத்தர்களின் நடை எனக்கு மிகவும் பிடித்தமானது. செக்குபந்தி என்னும் நான்கெல்லை சொல்லும்போது கிழக்கே இன்னாருடைய பூமி, மேற்கே இட்டேரி என்று நாற்புறமும் அளந்துவிட்டு, கிணற்றில் உள்ள பாகம், வண்டித்தடத்தில் நடந்துகொள்ளும் பாத்தியம், மரங்கள் என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். கிணற்றுமேட்டு வேப்பமரத்துக்குக்கூட அதில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அந்தத் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, மாடு அடைக்கும் தொண்டுப்பட்டியில் சாணம் அள்ளுவதில் தொடங்கி, இரவு கடைசி ஆளாகப் படுத்த எங்கள் அப்பத்தாவின் பெயர் ஒரு பத்திரத்திலும் இல்லை. மொய் நோட்டுகளைப் புரட்டினேன். அங்கும் ஊர்ப்பெயரோடு ஆண்களின் பெயர்களே வரிசையாக இருந்தன.

பெண்களின் பெயர்கள் எங்கள் வீட்டுப் பத்திரங்களில் வரத் தொடங்கியதெல்லாம் அண்மையில்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அப்போது அது பொருந்தவில்லை என்பதால் என்னை அது தொடவில்லை. ஆனாலும் அப்பாவின் காலத்துக்குப் பிறகு, அவருடைய பங்கில் எனக்கிருந்த பாத்தியத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். எனக்குத் தெரிந்த பல குடும்பங்களிலும் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாகப் பத்திரமேறுவது இப்படி விட்டுக்கொடுக்கும்போதுதான். இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியை மூடும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நிலத்தின் கதையை அப்பாரு முறையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நிலத்தில் பாடுபட்டவர்களின் கதை என் நினைவிலும் அண்ணனின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. எங்கள் இருவருக்கும் எழுபது நெருங்கியும் கடந்தும் விட்டது. என் கதை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லையென்றாலும், இவர்களைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்ற எண்ணம் வந்ததும், அதற்கு முன் வராத வேகம் வந்தது. உ.வே.சாமிநாதையர் தமது 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய 1940-ஆம் ஆண்டில் அவருக்கு எண்பத்தைந்து வயது. 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. தம் சரித்திரம் என்று பெயரிட்டுவிட்டு, அதில் எத்தனை பக்கங்களைத் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடம் எனக்கே பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் எழுதியது கவலை ஓட்டியதைப் பற்றி, அதாவது எருதுகளைக் கொண்டு கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்ததைப் பற்றி. கீழ்பவானி வாய்க்கால் எங்கள் பூமிக்குக் கீழே ஓடியதால் அந்தத் தண்ணீர் எங்களுக்கு ஏறிப் பாயவில்லை. மோட்டார் வரும்வரை கிணறும் எருதுகளுமே கதி. எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோல் சால் நிறைந்து மேலே வரும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தம் பாரத்தையும் கொடுப்பார். சால் மேலே வந்ததும் அதன் அடியில் உள்ள தோல் தும்பி வழியாகத் தண்ணீர் சளசளவென்று கொட்டும். பிறகு எருதுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேறும். இதைப் பேத்தியிடம் படித்துக் காட்டியபோது, "மாடு பின்னால நடக்குமா அம்மாயி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக மேலும் இரண்டு பக்கங்கள் எழுதினேன். தொழிலை எப்படிச் செய்தார்கள் என்று எழுதுவதுதான் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கிறது. அறிவுரைகள் வந்த இடங்களில் அவள் கொட்டாவி விட்டாள், அவற்றை எல்லாம் அடித்துவிட்டேன்.

அந்தச் சால் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஊர்க்கோடியிலிருந்து ஒருவர் வருவார். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து, ஈரத் தோலை இழுத்து, ஊசி துளைத்து அவர் தைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தாகத்துக்குக் கேட்டால், சற்றுத் தள்ளி நின்று குனிந்து ஏந்திய அவருடைய கைகளில் அப்பத்தா உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த சாலைத் தைத்தவருக்கு எங்கள் வீட்டுச் சொம்பைத் தொட வழியில்லை. அன்பு நிறைந்தவராக என் நினைவில் நிற்கும் அப்பத்தாவும் இதைச் செய்தவரும் ஒருவரே. இந்த இடத்தில் என் பேனா வெகு நாள் நின்றது. பாட்டியின் பெருமையைச் சொல்லப் புகுந்து இதை மறைத்தால், பத்திர எழுத்தர் விட்டதைவிட அதிகமாக நான் விட்டவளாவேன் என்று தோன்றியதால், சால் தைத்தவரின் பெயரையும், அவர் மனைவியின் பெயரையும், நடந்ததையும் அப்படியே எழுதினேன். அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. "இதெல்லாம் எதுக்கு அம்மணி, பிள்ளைக என்ன நெனைப்பாங்க" என்றார். நினைக்கட்டும் என்பதுதான் என் பதில்.

ஆனால் பாகப்பிரிவினைச் சண்டையை நான் எழுதவில்லை. அதில் பேசியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பைக் கேட்காமல் என் தரப்பை மட்டும் அச்சுப்போல் நிறுத்துவது நியாயமாகாது. குடும்பத்துக்காக எழுதுகிறவர்கள் பழைய கணக்கைத் தீர்க்க எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆண்டுகளைச் சரிபார்க்க அண்ணனே துணை. எங்கள் வீட்டில் யாருடைய வயதும் தேதியால் நிற்பதில்லை. பெரிய அத்தை பிறந்தது வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது என்பார். பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தன என்பதால், அந்த இடைவெளிக்குள் அத்தையின் பிறப்பைப் பொருத்துகிறோம். இதைவிட நெருக்கமாகப் போக வழியில்லாத இடங்களில் 'வாய்க்கால் வெட்டிய காலம்' என்றே எழுதிவிடுகிறேன்.

பிறந்த வீட்டுப் பகுதி ஓரளவு முடிந்துவிட்டது. புகுந்த வீட்டைப் பற்றி எழுதச் சென்னிமலையில் இருக்கும் நங்கையாவிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம், கேட்க வேண்டும். எண்பதைக் கடந்த அவருக்குக் காலை வேளையில்தான் பேச்சு கோர்வையாக வருகிறது. மதியத்துக்கு மேல் பெயர்கள் குழம்பிவிடுகின்றன. அதனால் இந்தச் சனிக்கிழமை முதல் பேருந்தைப் பிடிப்பதாக இருக்கிறேன்.