பதின்மூன்று வியாழக்கிழமைகள்

ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் நான் போய் இறங்கியது 2023 மார்ச் 20ஆம் தேதி. முந்தின நாள் ராத்திரிதான் ஃபாயாஸ் திருவிழா முடிந்திருந்தது. மூலைக்கு மூலை நிறுத்தியிருந்த ராட்சத பொம்மைகளை ஒரே இரவில் கொளுத்திவிட்டு ஊர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தெருக்களில் சாம்பலைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் ஊரில் மூக்கில் ஏறுமே, அதே வெடிமருந்து வாசம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

நெதர்லாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்காகத் தனியாளாக ஒரு களப்பணி செய்தாக வேண்டும். எந்த ஊர், என்ன கேள்வி, யாரைப் பார்ப்பது, எங்கே தங்குவது எல்லாம் நம் பாடு. வழிகாட்டி மாதம் ஒருமுறை வீடியோவில் முகம் காட்டுவார், அவ்வளவுதான். டச்சுக் குடியிருப்பு அட்டையை வைத்துக்கொண்டு இன்னொரு ஷெங்கன் (ஐரோப்பியப் பொது விசா) நாட்டில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். நான் பார்க்கப் போன விஷயமோ வாரத்துக்கு ஒரே ஒரு தடவை, வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு நடப்பது. தொண்ணூறு நாளில் பதின்மூன்று வியாழக்கிழமை. கையில் இருந்த மொத்த முதலும் அதுதான்.

அந்த விஷயத்துக்குப் பெயர் தண்ணீர் நீதிமன்றம். வலென்சியாவைச் சுற்றி இருக்கும் தோட்டக்கால் பூமியை அங்கே ஓர்த்தா என்கிறார்கள். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள் அதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தலைவர், சிந்திக் என்று பெயர். விவசாயிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. அவரும் சொந்தமாகப் பயிர் வைப்பவராக இருக்க வேண்டும். இந்த எட்டுப் பேரும் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளை விசாரிப்பார்கள். வக்கீல் கிடையாது. பேச்சுதான் எல்லாம், ஃபைல் கட்டுகள் கிடையாது. மேல்முறையீடும் இல்லை. நாட்டுப்புற வழக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியல் சாசனத்தின் 125ஆம் பிரிவு இப்படிப்பட்ட வழக்காற்று நீதிமன்றங்களை ஏற்றுக்கொள்கிறது. வலென்சியாவை எடுத்துக்காட்டாக வைத்துப் பொதுச்சொத்துகளைப் பற்றி எழுதிய எலினோர் ஆஸ்ட்ராமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதே வருஷம் இந்த நீதிமன்றமும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்ப் பாசனம். தாத்தா காலத்தில் மடையைத் திறந்து மூட நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தாராம், களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்களாம். நான் பார்க்கும்போது மடை இருந்தது, நீர்ப்பாய்ச்சி இல்லை. ஆஸ்ட்ராமை வகுப்பில் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இந்த ஊரில் மட்டும் எப்படி இன்னும் ஆள் இருக்கிறது?

முதல் வியாழக்கிழமை பதினொன்றரைக்கே போய் இரும்புக் கம்பித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தேன். கதீட்ரலின் மிகாலெத் கோபுரத்து மணி பன்னிரண்டு அடித்தது. கறுப்பு அங்கி மாட்டிய எட்டுப் பேர் வரிசையாக வந்து மரநாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நீதிமன்றச் சேவகர் கையில் பித்தளைக் கொக்கி வைத்த நீளமான கம்பு. மடைப்பலகையை இழுத்து எடுக்கும் கொக்கிதான் அங்கே செங்கோலாகியிருக்கிறது. நீதிமன்றத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் குரல் கொடுத்தார்:

“டெனுன்சியாட்ஸ் டெ லா செக்கியா டெ குவார்ட்!”

குவார்ட் வாய்க்காலில் புகார் சாட்டப்பட்டவர்கள் வரலாம் என்று அர்த்தம். யாரும் வரவில்லை. அடுத்த வாய்க்காலின் பெயர். யாரும் வரவில்லை. எட்டுப் பெயரும் முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் கைதட்டினார்கள். நான் நோட்டில் “12:00” என்று எழுதி, கோடு போட்டு, “12:05” என்று எழுதியிருந்தேன். நடுவில் ஒன்றுமில்லை.

இன்னொரு அடியும் அன்றைக்கே விழுந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து ஸ்பானிய மொழி படித்துவிட்டுப் போயிருந்தேன். நீதிமன்றம் நடப்பது வலென்சிய மொழியில். விண்ணப்பம் எழுதும்போது இது எனக்குத் தெரியும், ஒரு வரி எழுதியும் இருந்தேன். வாசலில் நின்று கேட்கும்போது தெரிவது வேறு.

இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், அதே ஐந்து நிமிஷம். அந்த ஏப்ரல் ஸ்பெயினின் பதிவேடுகளிலேயே மிக வறண்ட ஏப்ரல் என்று பின்னால் அறிவித்தார்கள். வறட்சியில் சண்டை வரும், சண்டை வந்தால் வழக்கு வரும் என்று நான் போட்டிருந்த கணக்கு தப்பாகிவிட்டது. வாரக் கடைசியில் ஊருக்குப் பேசினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, கேஸே இல்லாத கோர்ட்டப் பாக்கவா அவ்வளவு தூரம் போன?”

வழிகாட்டியும் இதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக.

நான் அறை எடுத்திருந்தது தூரியாவின் பழைய ஆற்றுப்படுகைக்குப் பக்கத்தில். 1957 அக்டோபர் 14ஆம் தேதி வந்த வெள்ளம் நகரத்தையே மூழ்கடித்து எண்பது பேருக்கு மேல் பலிகொண்டது. அதன்பிறகு ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய படுகை இப்போது சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா. பெரிய பெரிய கல் பாலங்களுக்குக் கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மனசு சரியில்லாத சாயங்காலங்களில் அங்கேதான் நடப்பேன். தண்ணீரைப் பற்றிப் படிக்க வந்தவளுக்கு ஆறும் இல்லை, வழக்கும் இல்லை.

நான்காவது வியாழக்கிழமை, தடுப்புக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், உள்ளங்கையில் மண் நிறம். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். “இங்கே என்ன இருக்கும், சிக்கெத்தா? எல்லாம் அங்கேயே முடிந்துவிடுமே. நாளைக்கு எட்டு மணிக்கு அல்போராயா வா.” சிக்கெத்தா என்றால் சின்னப்பெண். அவர் ரஸ்காஞ்யா வாய்க்காலின் காவல்காரர். அவரை நான் அப்படியே காவல்காரர் என்று எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார்.

மறுநாளிலிருந்து என் ஆய்வு வாரத்துக்கு ஐந்து நாள் ஆனது.

அல்போராயா நகரத்தின் வட விளிம்பில் இருக்கிறது, சைக்கிளில் அரைமணி நேரம். கட்டடங்கள் சட்டென்று முடிந்து வயல் தொடங்கிவிடும். வெங்காயம், கூனைப்பூ, உருளைக்கிழங்கு. வாய்க்கால்கள் சில இடங்களில் கான்கிரீட், சில இடங்களில் பழைய மண் கரை. நகரத்துக்குள்ளே பாதி வாய்க்கால் ரோட்டுக்கு அடியில் புதைந்துவிட்டது. உலகம் முழுக்க ஃபுட்பால் ரசிகர்கள் சொல்லும் மெஸ்தாயா மைதானத்தின் பெயரே எட்டில் ஒரு வாய்க்காலின் பெயர்தான். மைதானத்தை எல்லாருக்கும் தெரியும், வாய்க்காலைக் காவல்காரருக்குத் தெரியும்.

அவர் எனக்கு முதலில் காட்டியது ஒரு கல்லை. ரஸ்காஞ்யா ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை அல்போராயாவுக்கும் ஒன்று அல்மாசெராவுக்கும் போகிறது. பிரிவின் நடுவில், ஓட்டத்தை எதிர்த்துக் கூராக நிற்கும் கல்கட்டுக்கு நாக்கு என்று பெயர். தண்ணீர் நிறைய வந்தாலும் கொஞ்சமாக வந்தாலும் அந்த நாக்கு அதே விகிதத்தில் பிரித்துவிடும். லிட்டர் கணக்கே கிடையாது. “ஆறு எவ்வளவு கொடுக்கிறதோ அதில் உன் பங்கு” என்றார். நம் ஊர் மழை மாதிரிதான் அவர்கள் ஆறும், என்ன கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. (இப்போது மேலே பெனாஹேபெர், லோரிகிய்யா என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. வழக்கு குறைந்ததற்கு அவையும் ஒரு காரணம். ஒழுக்கத்தை மட்டும் புகழ்ந்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.)

முறை வந்தால் வயல்காரர் மடையில் நிற்க வேண்டும். நின்றால், வீணாக்காமல், வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்ளலாம். தூங்கிப்போனால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் நிலத்தோடு ஒட்டியது, தனியாக விற்க முடியாது. இந்தச் சட்டமெல்லாம் அரபு ஆட்சிக் காலத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். வாய்க்காலைக் குறிக்கும் செக்கியா என்ற சொல்லே அரபு. 1238இல் ஊரைப் பிடித்த அரகோன் மன்னர் முதலாம் ஜாமே பழைய வழக்கப்படியே பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டார். நீதிமன்றத்துக்கு 1960இல் ஆயிரமாவது ஆண்டு விழாகூட எடுத்தார்கள்.

காலை பத்து மணி ஆனதும் எந்த வேலையாக இருந்தாலும் நின்றுவிடும். எஸ்மோர்சாரெத். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு முழுச் சாப்பாடு. தோலோடு வேர்க்கடலை, ஆலிவ், அரை முழ ரொட்டிக்குள் முட்டையோ கத்தரிக்காயோ. கடைசியில் கிரெமாயெத்: ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், காபிக்கொட்டை போட்டுத் தீ வைத்து, மேலே காபி ஊற்றிக் கொடுப்பார்கள். நான் குடித்தேனா என்று அப்பா கேட்கப் போவதில்லை, அதனால் சொல்லவும் போவதில்லை. என் நேர்காணல்களில் உருப்படியானது எல்லாம் அந்த மேசையில் கிடைத்ததுதான்.

ஆனால் அங்கேதான் படிவத்திலும் மாட்டிக்கொண்டேன். பல்கலைக்கழக ஒழுங்குமுறைப்படி பேட்டி கொடுப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் நீட்டியதும் மேசை அமைதியாகிவிட்டது. ஒருவர் கண்ணாடியைத் தேடினார். இன்னொருவர், “நாங்கள் தண்ணீரையே வாய்ச்சொல்லில்தான் பிரித்துக்கொள்கிறோம், உனக்கு எதற்கு இது?” என்றார். நியாயம்தான். வழிகாட்டிக்கு எழுதிக் கேட்டு, வாய்மொழி ஒப்புதலை ரெக்கார்டு செய்துகொள்ள அனுமதி வாங்க இரண்டு வாரம் போனது.

மே மாதம் சூஃபா என்ற கிழங்கை நட்டு, அது முளைத்திருந்தது. ஓர்சாத்தா என்ற ஜில்லென்ற வெள்ளைப் பானம் இதில்தான் செய்கிறார்கள். ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை போட்டால் ஓர்சாத்தா. கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோரைக் கிழங்கின் சொந்தக்காரன்! எங்கள் வயலில் அப்பா கொத்திக் கொத்தி எறிவதை இவர்கள் பாத்தி கட்டி, முறைத் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். ஃபோட்டோ அனுப்பினேன். “இதுக்கும் தண்ணி முறையா?” என்று பதில் வந்தது.

அந்த சூஃபா வயலில்தான் எனக்கு ஒரு வழக்கு கிடைத்தது. கிடைக்காமல் போனது என்றும் சொல்லலாம். ஒரு விவசாயி மடையைத் திறந்துவிட்டு ஃபோன் பேசப் போய்விட்டார். தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் நேற்று நட்ட தக்காளி நாற்றுகளை முக்கிவிட்டது. பக்கத்து வயலைத் தவறிப்போய் நனைப்பதற்கு அங்கே ஒரு தனிச்சொல்லே உண்டு, சொர்ரெகார். நீதிமன்றத்துக்குக் காலங்காலமாக வரும் புகார்களில் இதுவும் ஒன்று. நாற்றுக்காரர் கத்தினார். ஃபோன்காரர் வரப்பு ஏற்கெனவே உடைந்திருந்தது என்றார். காவல்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, இரண்டு பேரையும் ஒன்றும் கேட்காமல் வரப்பைச் சுற்றி ஒரு நடை போனார். உடைந்த இடத்தில் குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். புது மண். திரும்பி வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“டிஜௌஸ்?”

வியாழக்கிழமை. ஃபோன்காரர் தலையைச் சொறிந்தார். எட்டுப் பேர் முன்னால், நூறு டூரிஸ்ட் கேமரா முன்னால், கதீட்ரல் வாசலில் நின்று தான் வரப்பைக் கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொந்த வாய்க்காலின் சிந்திக் தீர்ப்பில் வாய் திறக்க முடியாது. ஆற்றின் இடது கரை வழக்கென்றால் வலது கரைக்காரர்கள்தான் தீர்ப்பை முன்வைப்பார்கள். அங்கே தெரிந்தவர் என்று யாரும் உதவப் போவதில்லை. நாளை நாற்று வாங்கித் தருகிறேன், நானே நட்டும் தருகிறேன் என்றார். நாற்றுக்காரர் இன்னும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, எந்தக் கடை நாற்று என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் பத்து நிமிஷம். நோட்டை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, ராத்திரி அறைக்கு வந்துதான் எழுதினேன்.

கடைசி வியாழன் ஜூன் 15. மிகாலெத் மணி அடித்தது. குவார்ட், யாருமில்லை. ஒவ்வொரு பெயராக வந்தது. ரஸ்காஞ்யா என்று கூப்பிட்டபோது என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. எட்டுப் பேரும் எழுந்தார்கள், கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் கேமராவை இறக்கிக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? இவ்வளவுதான் என்றேன். பையில் ஃபோன் அதிர்ந்தது. காவல்காரர்: நான்கு மணிக்கு நாக்கிலிருந்து கீழ்க்கிளைக்குத் திறக்கிறேன், தக்காளி பார்க்க வருகிறாயா?

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு கிளம்பினேன்.