புஸ்தமாம் வாழ்க்கைக் குறிப்பு: பெயர்களில் பிடிபடும் மனிதர்

மலாயா விடுதலைப் போராளியும் அரசியல் தலைவருமான அகமது புஸ்தமாமின் வாழ்க்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பாதி வேலை பெயர்களில்தான். 1920 நவம்பர் 30 அன்று மலாயாவின் பேராக் மாநிலத்துப் பெஹ்ராங் உலுவில் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் அப்துல்லா சானி. 'புஸ்தமாம்' அவரே சூட்டிக்கொண்டது. சுபாஷ் சந்திர போஸ் மேல் வைத்த மதிப்பில் வந்தது. தோட்டத்துத் தமிழர்கள் போஸின் படையில் சேர்ந்த அதே மண்ணில் ஒரு மலாய் இளைஞரும் அவரை இப்படித் தன் பெயரில் ஏற்றிக்கொண்டார். தமிழ்க் குறிப்பில் இது விடுபடவே கூடாது.

அடுத்த சிக்கல், 1946இல் அவர் தலைமையில் எழுந்த இளைஞர் அமைப்பான 'அங்காத்தான் பெமூடா இன்சாஃப்'. இன்சாஃப் என்றதும் உருதுப் பழக்கத்தில் 'நீதி' என்று எழுதிவிடுகிறார்கள். மலாயில் அது மனம் விழித்து உணர்வது. ஐயம் இருந்தால் ஷம்சியா ஃபாக்கே தலைமை தாங்கிய பெண்கள் அமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'அங்காத்தான் வனித்தா செடார்'. செடார் என்றாலும் விழிப்புதான். ஆகவே 'விழிப்புற்ற இளைஞர் அணி' சரி. ஆனால் சுருக்கப் பெயரான 'ஆப்பி'யை விட்டுவிடாதீர்கள். மலாயில் அது தீ. அந்த இளைஞர்களை அழைத்தது அந்தச் சொல்தான்.

'இரத்தத்தால் விடுதலை' என்ற முழக்கத்தோடு வந்த ஆப்பியின் அரசியல் கொள்கை அறிக்கைக்காக 1947இல் அவர்மேல் அரச நிந்தனை வழக்கு. 1,200 வெள்ளி (மலாயா டாலர்) அபராதம், கட்டாவிட்டால் ஒன்பது மாதச் சிறை. ஆதரவாளர்கள் பணம் திரட்டிக் கட்டினார்கள். இந்தத் தொகையை ரூபாய் ஆக்கிவிடக் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பி தடைசெய்யப்பட்டது.

அதிகம் குழம்புவது சிறைக்காலம். இரண்டும் விசாரணையற்ற தடுப்புக்காவல், ஆனால் அடைத்தவர்கள் வேறு. 1948 முதல் 1955 வரை பிரிட்டிஷார். 1963இல், புருணைக் கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தி அடைத்தது சுதந்திர நாட்டின் அரசு. அப்போது அவர் செத்தாப்பாக் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1967இல்தான் வெளியே வந்தார். இரண்டையும் 'பல ஆண்டு சிறை' என்று ஒரே வரியில் அடைத்தால் அவர் வாழ்க்கையின் பெரிய வேதனை மறைந்துபோகும்.

1955இல் அவர் தொடங்கிய பார்ட்டி ராயாட் (மக்கள் கட்சி) பின்னாளில் பெயர் மாறி, கைமாறி நடந்தது. 1968இல் அவர் தொடங்கியது வேறு கட்சி, பார்ட்டி மார்ஹேன். எனவே அதன்பின் ராயாட் செய்தவற்றை அவர் கணக்கில் எழுதக் கூடாது. மார்ஹேனைத் 'தொழிலாளர்' என்று பெயர்ப்பதும் தவறு. இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ வழியாகப் பரவிய அந்தச் சொல், துண்டு நிலமும் மண்வெட்டியும் சொந்தமாக இருந்தும் வயிறு நிறையாத ஏழைக் குடியானவரைக் குறிக்கும்.